கொடி மாறும் பொழுது

இந்த வண்டி ஓசூருக்கு எத்தனை மணிக்குப் போகும் சார்? கண்டக்டர்கிட்ட மூணு தடவை கேட்டுட்டேன். இன்னொரு தடவை கேட்டா எறக்கி விட்டுடுவாரு. ஒம்பதரையா? ஒம்பதரைன்னா எலக்ட்ரானிக் சிட்டிக்குப் பத்தேகால், பத்தரை. சரி. பத்தரைன்னா பரவாயில்ல.

நீங்களும் சேலம்தானே? அம்மாபேட்டையா? நான் செவ்வாய்ப்பேட்டை. மாதேஸ்வரன். ஜவ்வரிசி ஃபேக்டரில சூப்பர்வைசர்.

தப்பா எடுத்துக்காதீங்க, ஒண்ணு கேக்கறேன். உங்க வீட்டுக்காரம்மா உங்களை நாலு பேர் முன்னாடி தோக்கடிச்சிருக்காங்களா? சண்டைல இல்ல சார். சண்டைல எல்லாருந்தான் தோக்கறோம். ஆட்டத்துல. பேர் சொல்லிக் கூப்பிட்டு, எதுக்கெதுக்க உக்கார வச்சு, நடுவர் ஒருத்தர் பக்கத்துலயே நின்னு பாத்துட்டிருக்க, அப்படித் தோக்கடிக்கிறது.

இல்லைல்ல? எனக்கு நடந்துச்சு. போன மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை.

சீட்டாட்டம்தான். ரம்மின்னு நெனச்சுடாதீங்க, காசு வச்சு ஆடறதில்ல. ட்ரேக்மார்னு ஒரு வெளிநாட்டு ஆட்டம். ஒவ்வொரு கார்டுலயும் ஒரு படம் இருக்கும். டிராகன், பேய், மந்திரவாதி, கடல் ராட்சசி, இந்த மாதிரி. அவனவன் கார்டை அவனவனே பொறுக்கிச் சேத்துக்கணும். அப்படிச் சேத்த கட்டுக்குப் பேரு டெக்.

இதுல அஞ்சு கலர். செவப்பு, நீலம், பச்சை, மஞ்சள், கறுப்பு. ஒவ்வொரு கலருக்கும் கல்லுன்னு தனிக் கார்டு உண்டு. செவப்பு டிராகனை எறக்கணும்னா முதல்ல மூணு செவப்புக் கல்லு மேஜைல கெடக்கணும். இவ்வளவுதான் விஷயம். அதனால விவரம் தெரிஞ்சவன் ஒரே கலர் ஆடுவான். மிஞ்சிப் போனா ரெண்டு. அஞ்சு கலரையும் போட்டுக் கட்டினவன் கையில பெரிய பெரிய கார்டா வச்சிருப்பான், அதுக்கேத்த கல்லு வராது. பேந்தப் பேந்த முழிச்சுட்டு உக்காந்திருப்பான்.

நான் செவப்பு. ஆறு வருஷமா செவப்பு. முழுக்க டிராகன். ஐந்து ரோட்டுல இந்தக் கார்டு விக்கற பெனடிக்ட் அண்ணன் கடை இருக்கு, ஸ்டேஷனரி கடைக்கு மேல மாடில. அங்க போய் செவப்பு மாதேஷ்னு கேளுங்க, யாரா இருந்தாலும் சொல்லுவான். பெருமைக்குச் சொல்லலை. இருக்கறதைச் சொல்றேன்.

என் வீட்டுக்காரி பேரு வசுமதி. எல்.கே.ஜி. டீச்சர். கல்யாணமாகி ஒம்பது வருஷம். குழந்தை இல்ல. இந்த டாக்டர், அந்த டாக்டர்னு நாலு வருஷம் அலைஞ்சோம், அப்புறம் ஒருநாள் அவளே, "போதுங்க, விட்டுடலாம்"னு சொன்னா. விட்டுட்டோம். அதுக்கப்புறம் ஸ்கூல் விட்டு வந்தா டிவியையும் போடாம ஜன்னலையே பாத்துட்டு உக்காந்திருப்பா. சரி, சும்மாதானே இருக்கான்னு நான்தான் இந்த ஆட்டத்தைக் கத்துக் குடுத்தேன். நானே. என் வாயால.

எனக்கும் பழகிப் பாக்க ஒரு ஆள் வேண்டியிருந்துச்சு, அதுவும் உண்மைதான். கடைக்கு ஞாயித்துக்கிழமை மட்டும்தான் போக முடியும். மத்த நாள்ல யார்கூட ஆடறது?

அவளுக்குன்னு ஒரு டெக் வேணும்ல? என்கிட்ட மிச்சம் கெடந்த கார்டெல்லாம் குடுத்தேன். கார்டு பாக்கெட் வாங்கிப் பிரிச்சா செவப்பு நாலு இருக்கும், மத்த கலர்ல எட்டு இருக்கும். அந்த எட்டும் ஒரு பிஸ்கட் டின்ல கெடந்துச்சு. டின்னோட குடுத்துட்டேன். "இந்தா, இதுல கட்டிக்க"ன்னேன். அவ எல்லாத்தையும் தரையில பரப்பி வச்சு, ஒரு கார்டு விடாம எழுத்துக் கூட்டிப் படிச்சா. மூணு சாயங்காலம் படிச்சா சார். அப்புறம் அஞ்சு கலரையும் கலந்து ஒரு டெக் கட்டினா.

"அஞ்சு கலர் வேலைக்காகாது வசு"ன்னேன்.

"எந்தக் கலர்லயும் ஒரு டெக்குக்குப் போதுமான அளவு இல்லீங்களே"ன்னா.

இருந்திருக்காதுதான். நல்லதா எதாவது கண்ல பட்டா நான் மத்தவங்ககிட்டக் குடுத்து டிராகன் வாங்கிடுவேன். அவ டின்லேருந்தும் ரெண்டு மூணு எடுத்திருக்கேன். நீலத்துல ஒரு கடல் ராட்சசி இருந்தா, நல்ல கார்டு. அதைக் குடுத்து ஒரு ரெட்டைத் தலை டிராகன் வாங்கினேன். "என் ராட்சசியைக் காணோமே"ன்னு தேடினா. சொன்னேன். "ஓ"ன்னா, அவ்வளவுதான். அவ அதையெல்லாம் பெருசா எடுத்துக்க மாட்டா.

ரெண்டு வருஷம் தெனம் சாயங்காலம் ஆடினோம். நான்தான் ஜெயிப்பேன். அப்பப்ப அவ ஜெயிப்பா, அது கல்லு சரியா வந்த அன்னைக்கு. போகப் போகக் கொஞ்சம் அடிக்கடி ஜெயிச்சா. நானும் வீட்டு ஆட்டம்தானேன்னு விட்டுட்டேன்.

போன வருஷத்துலேருந்து கடைக்கும் கூட்டிட்டுப் போனேன். பெனடிக்ட் அண்ணனுக்கு அவ டெக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. "ஏம்மா, இதை எப்படிம்மா கட்டினே?"ன்னு கேட்டாரு. மிச்ச மீதில கட்டினதுண்ணே, என் கார்டுதான் எல்லாம்னு நான் சொன்னேன். அவ கார்டை அடுக்கி டப்பால வச்சா.

இப்ப விஷயத்துக்கு வரேன்.

வருஷா வருஷம் கடைல ஒரு போட்டி. பதினாறு பேர். ஜெயிக்கிற ஒருத்தருக்குப் பெங்களூர்ல நடக்கற பெரிய போட்டில எடம். நான் ரெண்டு தடவை ரெண்டாவது வந்திருக்கேன். ரெண்டாவது வர்றதுன்னா என்னன்னு தெரியுமா சார்? கை குடுப்பாங்க. அவ்வளவுதான். இந்த வருஷம் எப்படியும் போயிடறதுன்னு ஆறு மாசமாத் தயாராயிட்டிருந்தேன்.

அன்னைக்குக் காலைல ஸ்கூட்டர்ல போறப்போ அவகிட்டச் சொன்னேன். "வசு, ஒருவேளை நம்ம ரெண்டு பேரும் மோதற மாதிரி வந்தா, நீ விட்டுக் குடுத்துடு. யாராவது ஒருத்தர்தான் போக முடியும்." அது தப்பில்ல, அந்த ஆட்டத்துல அதுக்கு எடமிருக்கு. கையை நீட்டிட்டா விட்டுக் குடுத்ததா அர்த்தம்.

பின்னாடி உக்காந்துட்டு "ம்"னா.

"ம்"னா என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்க. சரின்னுதானே? ஒம்பது வருஷமா எங்க வீட்டுல "ம்"னா சரின்னுதான் அர்த்தம்.

செமி ஃபைனல்ல மோதிட்டோம். எல்லாரும் சுத்தி நின்னுட்டாங்க. புருஷன் பொண்டாட்டி ஆடறதைப் பாக்க யாருக்குத்தான் ஆசையிருக்காது? நான் உக்காந்ததும் அவ கையைப் பாத்தேன். நீட்டலை. சரி, உடனே நீட்டினா நல்லாயிருக்காது, கொஞ்ச நேரம் ஆடிட்டு நீட்டுவான்னு நெனச்சேன்.

ஆடினோம். நான் மூணு டிராகன் எறக்கிட்டேன். அவ மேஜைல என்ன இருந்துச்சு தெரியுமா? ஒரு தவளை, ஒரு தேளு, ஒரு கெழட்டு பிக்கு, ஒரு குட்டிப் பேய். ஜனங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். "என்ன வசு, மிருகக்காட்சி சாலையா?"ன்னு கேட்டேன். ஆளுக்கு இத்தனை உயிர்னு ஒரு கணக்கு உண்டு, அது தீந்தா தோல்வி. அவளுக்கு உயிர் ரெண்டு பாக்கி. எனக்குப் பதினாலு. இன்னொரு அடி அடிச்சா முடிஞ்சுது.

இப்ப நீட்டுவா, இப்ப நீட்டுவான்னு பாக்கறேன். கார்டையே பாத்துட்டிருக்கா. கிட்டக் குனிஞ்சு, "போதும் வசு, குடுத்துடு"ன்னேன். மெதுவாத்தான் சொன்னேன். நடுவரா நின்ன பெனடிக்ட் அண்ணன் காதுல விழுந்துடுச்சு. "மாதேஷ், அந்தப் பேச்செல்லாம் இங்க கூடாது"ன்னுட்டாரு. நாலு பேர் முன்னாடி.

அவ ஒரு கார்டு எடுத்தா. படகோட்டி. இங்கிலீஷ்ல ஃபெர்ரிமேன்னு போட்டிருக்கும். ஒரு கெழவன், ஒரு ஓடம், வேற ஒண்ணுமில்ல. அந்தக் கார்டு இருந்தா ஒரு கலர் கல்லை இன்னொரு கலர் கல்லா மாத்திக்கலாம். எனக்கு அது எதுக்கு, நான்தான் ஒரே கலராச்சே? அதனால அந்த டின்லயே கெடந்தவன் அவன்.

படகோட்டியை எறக்கினா. இல்லாத கலருக்கும் கல்லு வந்து அஞ்சு கலரும் சேந்துடுச்சு. அடுத்து ஒரு கார்டை வச்சா. நான் அதுவரைக்கும் யாரும் அதை ஆடிப் பாத்ததே இல்ல. "கொடி மாறும் பொழுது"ன்னு தமிழ்ல சொல்லலாம். அஞ்சு கலர் கல்லும் ஒண்ணா இருந்தாத்தான் வைக்க முடியும். எவனுக்குக் கெடைக்கும்னு நான்தான் தூக்கி அவளுக்குக் குடுத்தேன். அது என்ன பண்ணும்னா, மேஜைல என் பக்கம் இருக்கறதெல்லாம் அவ பக்கம் போயிடும், அவ பக்கம் இருக்கறதெல்லாம் என் பக்கம் வந்துடும்.

என் டிராகன் சார். மூணும். ஒவ்வொண்ணா அவளே கையால எடுத்து அவ பக்கம் வச்சுக்கிட்டா. தவளையையும் தேளையும் என் பக்கம் தள்ளி விட்டா. ஆறு வருஷம் பாத்துப் பாத்துச் சேத்த டிராகன். அந்த ரெட்டைத் தலை டிராகன் இருக்குல்ல, அதை வச்சுத்தான் கடைசி அடி அடிச்சா.

மாடியே கைதட்டுச்சு. நான் கை குடுத்தேன். குடுக்கணும்ல.

அப்புறம் ஃபைனல்லயும் அவளே ஜெயிச்சா. அதை நான் பாக்கலை. கீழ போய் ஸ்கூட்டர்கிட்ட நின்னுட்டிருந்தேன்.

வர்ற வழில கேட்டேன். "காலைல என்ன சொன்னேன்?"

"சொன்னீங்க."

"நீ என்ன சொன்னே?"

"நான் ஒண்ணும் சொல்லலீங்க"ன்னா. கொஞ்ச தூரம் போனப்புறம், "ஆட உக்காந்தேன், ஆடினேன், அவ்வளவுதான்"னா.

இதுக்குப் பேரு என்ன சார்? வெளியாள் பண்ணினா ஏமாத்திட்டான்னு சொல்லிட்டுப் போயிடலாம். கட்டினவ பண்ணினா? என் கார்டு, நான் கத்துக் குடுத்த ஆட்டம், என் கடை. எல்லாம் என்னுது. அதை வச்சே என்னை.

பதினோரு நாள் பேசலை. அவ வழக்கம் போல சமைச்சா, டிபன் கட்டினா, சட்டை தேய்ச்சு வச்சா. ஒருநாள் வந்து, "ஏங்க, பெங்களூர்ல செவப்பு டெக் நெறைய வருமாம். கொஞ்சம் உக்காந்து ஆடினீங்கன்னா எனக்குப் பழகும்"னா.

"இனிமே நான் எதுக்கு உனக்கு?"ன்னேன்.

அவ உள்ள போயிட்டா. அடுத்த நாள் நான் ஃபேக்டரிலேருந்து வந்து பாக்கறேன், ஹால்ல தனியா உக்காந்து ஆடிட்டிருக்கா. வலது கையில அவ டெக், எடது கையில என் டெக். இந்தப் பக்கம் ஒரு கார்டு, அப்புறம் நகந்து போய் அந்தப் பக்கம் உக்காந்து ஒரு கார்டு. என் டெக்கை எடுக்கலாமான்னு ஒரு வார்த்தை கேக்கலை. அதுலயும் எப்படி ஆடறாங்கறீங்க? டிராகனைக் கையிலயே வச்சிருக்கா, எறக்கவே மாட்டேங்கறா. அவ டெக்லேருந்து படகோட்டியும் அந்தக் கொடி மாத்தற கார்டும் வந்து போனதுக்கப்புறம்தான் நிதானமா எறக்கறா. செவப்பு ஜெயிச்சுது. தப்பான ஆட்டம் சார் அது. நான் ஒருநாளும் அப்படி ஆடினதில்ல. ஏதோ அதிர்ஷ்டம், ஜெயிச்சுடுச்சு.

கதவுகிட்டயே நின்னு பாத்துட்டிருந்தேன். அவ நிமிந்து பாத்தா. "டீ போடட்டுங்களா?"ன்னு கேட்டா. நான் கை கால் கழுவப் போயிட்டேன்.

இப்ப ஒண்ணு சொல்றேன். நீங்க என்னைப் பத்தி என்ன வேணா நெனச்சுக்கங்க.

வியாழக்கிழமை காலைல அவ ஸ்கூலுக்குப் போயிட்டா. எனக்கு மதியம் ஷிஃப்ட். அவ டெக் ஷோகேஸ்ல இருந்துச்சு. எடுத்துப் பாத்தேன், சும்மாதான். ஒவ்வொண்ணா தள்ளிட்டே வந்தேன். அந்தப் படகோட்டி வந்தான். உருவி என் சட்டைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டேன். மீதியை இருந்த மாதிரியே வச்சுட்டேன்.

ஒண்ணே ஒண்ணு சார். அதுவும் ஒரு காலத்துல என் கார்டுதானே?

ஆனா அந்த ஆட்டத்துல டெக்குன்னா அம்பது கார்டு. அம்பதுன்னா அம்பதுதான். பெரிய போட்டில ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி டெக்கை வாங்கி எண்ணுவாங்க. நாப்பத்தொம்பது இருந்தா வெளிய அனுப்பிடுவாங்க. ஏதோ ஏமாத்த வந்தவங்களைப் பாக்கற மாதிரி பாப்பாங்க. அது எனக்கு அப்பத் தோணலை. தோணலைன்னு சொல்ல முடியாது. தோணுச்சு, அப்புறம் பாத்துக்கலாம்னு நெனச்சேன்.

நேத்து மதியம் கெளம்பினா. பெனடிக்ட் அண்ணன், அவர் சம்சாரம், இவ, மூணு பேரும் ரயில்ல. நான் ஸ்டேஷனுக்குப் போகலை, வாசல் வரைக்கும்தான் வந்தேன். ஆட்டோல ஏறறதுக்கு முன்னாடி நின்னு, "ஏதாவது சொல்லணுங்களா?"ன்னு கேட்டா. இல்லைன்னேன். ஏறி உக்காந்துட்டா. ஆட்டோக்காரர் வண்டியை எடுக்கப் போறாரு, இவ தலையை வெளிய நீட்டி, "நெஜமாவே ஒண்ணும் இல்லீங்களா?"ன்னு மறுபடியும் கேட்டா. ஆல் த பெஸ்ட் சொல்லணும்னு எதிர்பாக்கறா போலன்னு நெனச்சேன். அதை எப்படி சார் என் வாயால சொல்றது? போயிட்டு வான்னு மட்டும் சொன்னேன்.

இன்னைக்குக் காலைல எந்திரிச்சு டீ போட்டேன், குடிக்க முடியலை. பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டேன்.

போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமேங்கறீங்க. என்னன்னு சொல்றது? நேர்ல போய், "இந்தா, சோஃபாவுக்குக் கீழ கெடந்துச்சு"ன்னு குடுத்துட்டா வேலை முடிஞ்சுது. எலக்ட்ரானிக் சிட்டிலதான் போட்டி, டெக்கை எண்ணறது பதினோரு மணிக்கு. வண்டி பத்தரைக்குப் போயிட்டா சரியாயிருக்கும்.

அவ பண்ணினதையும் நான் பண்ணினதையும் ஒண்ணா வைக்காதீங்க. அவ பண்ணினது ஊரறிய. நான் பண்ணினது யாருக்கும் தெரியாதே.

இது ஓசூரா? ஓசூர் தாண்டியாச்சா? நல்லது.

இருங்க சார். அவதான். ஒரு நிமிஷம்.

அலோ. சொல்லு வசு. வீட்டுலதான். வீட்டுலதான் இருக்கேன். டிவி சத்தம்... இல்ல, அது... என்னது? எப்ப? வியாழக்கிழமையேவா? அப்ப ஏன் என்கிட்டக் கேக்கலை? சரி. சரி, வச்சுடு. கேக்குது. சரி.

வச்சுட்டா.

தண்ணி இருக்கா சார் உங்ககிட்ட? குடுங்க.

அவளுக்குத் தெரியுமாம். வியாழக்கிழமை சாயங்காலமே தெரியுமாம். தெனம் எண்ணித்தான் வைப்பாளாம். நாப்பத்தொம்பதுன்னதும் எது இல்லைன்னு பாத்துருக்கா. வேற எது காணாமப் போனாலும் தேடியிருப்பேன், இதுன்னதும் தேடலைங்கறா. அன்னைக்கே பெனடிக்ட் அண்ணன்கிட்ட இன்னொரு படகோட்டி வாங்கிப் போட்டுக்கிட்டாளாம். எதுக்குன்னு அவர் கேட்டாராம். தொலைஞ்சுடுச்சுன்னு சொன்னாளாம்.

"அப்ப ஏன் என்கிட்டக் கேக்கலை?"ன்னு கேட்டேன்ல இப்ப, அதுக்கு என்ன சொன்னா தெரியுமா? "வாசல்ல ரெண்டு தடவை கேட்டேனேங்க."

அதுக்கப்புறம் ஒண்ணு கேட்டா. "எடுத்தப்போ, நான் தோக்கணும்னு நெனச்சீங்களா, இல்ல நான் போகவே கூடாதுன்னு நெனச்சீங்களா?" சண்டை போடற குரல்ல கேக்கலை சார். எல்.கே.ஜி. பிள்ளைங்ககிட்டக் கேப்பா, "எங்க அடிபட்டுச்சு, காட்டு"ன்னு, அந்தக் குரல்ல கேட்டா. அதுக்குத்தான் வச்சுடுன்னேன்.

வீட்டுலதான் இருக்கேன்னு சொன்னதையும் நம்பலை. "பின்னாடி கன்னடத்துல யாரோ கத்தறாங்க. எறங்கினதும் ஆட்டோ பிடிச்சு வாங்க. முதல் ரவுண்டு பதினொண்ணரைக்கு. சுவரோரம் நாற்காலி போட்டிருக்காங்க. உக்காந்து பாருங்க, வாயைத் தொறக்கக் கூடாது"ன்னுட்டா.

ரெண்டு நாள் சார். ரெண்டு நாளா எல்லாத்தையும் மனசுல வச்சுக்கிட்டு எனக்கு டிபன் கட்டிக் குடுத்திருக்கா. வியாழக்கிழமையே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் நேத்து நிம்மதியாச் சாப்பிட்டிருப்பேன். இப்படி விடியக்காலைல அடிச்சுப் பிடிச்சு வந்திருக்க வேண்டாம். தெரிஞ்சுக்கிட்டே தெரியாத மாதிரி இருக்கறது, அதுவும் கட்டின புருஷன்கிட்ட. இதை என்னன்னு சொல்றது? நீங்க நியாயம் தெரிஞ்சவரு, நீங்களே சொல்லுங்க.

என்ன சார், ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க?

சரி, விடுங்க. ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க. உங்க வீட்டுக்காரம்மாவுக்கு எந்த ஆட்டத்தையும் கத்துக் குடுத்துடாதீங்க. தாயம் கூட வேண்டாம்.

எலக்ட்ரானிக் சிட்டியா? ஆமாங்க, நான் ஒருத்தன் இருக்கேன். கொஞ்சம் கால் நகத்திக்கங்க சார். ஏங்க கண்டக்டர், விசில் குடுக்காதீங்க, எறங்கிக்கறேன். நீங்க அந்தப் பையைத் தள்ளி வைங்கம்மா, வழி விடுங்க. சீக்கிரம் விடுங்க, என் வீட்டுக்காரி ஆடறா இன்னைக்கு.